டிராஃப்டில் பெயர் வராத ஹாக்கிப் பையன்களைத் தேடிப் போவது வீண் வேலையா?

வாசகர் கேள்வி | 27 மார்ச் 2025

என்ஹெச்எல் என்கிற வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக், வருடா வருடம் இளம் ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்க நடத்துகிற டிராஃப்டில் ஏழு சுற்று, 32 அணி. ஒவ்வொரு அணியும் கனடா, அமெரிக்கா, ஸ்வீடன், ஃபின்லாந்து என்று ஊர் ஊராக ஆள் தேடும் ஸ்கவுட்டுகளை அனுப்புகிறது. இத்தனை கண்கள் பார்த்தும் ஒருவனை யாருமே எடுக்கவில்லை என்றால் அவனிடம் சரக்கு இல்லை என்றுதானே அர்த்தம்? ஆனால் மார்ச் கடைசி வந்தால் போதும், அமெரிக்கக் கல்லூரி சீசன் முடிந்து வெளியே வருகிற பையன்களை "இவனைப் பிடி, அவனைப் பிடி" என்று இங்கே ஒரே கூச்சல். டிராஃப்டில் போகாமலே நட்சத்திரமான மார்ட்டின் செயின்ட் லூயி பெயரை இழுக்காமல் யாராவது பதில் சொல்லுங்கள் பார்ப்போம்.

பதில் | 27 மார்ச் 2025, இரவு

செயின்ட் லூயி வேண்டாம் என்றால் வேண்டாம். ஆளுக்கா பஞ்சம்? கிறிஸ் கூனிட்ஸ், ஃபெரிஸ் ஸ்டேட் கல்லூரியிலிருந்து 2003இல் அனாஹைமுக்குப் போனார், லீக் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை நான்கு முறை. மார்க் ஜியோர்டானோ, 2004இல் கால்கரி கூப்பிட்டது, 35 வயதில் லீக்கின் சிறந்த டிஃபென்ஸ்மேன் என்று 2019இல் நாரிஸ் விருது. ஆர்ட்டெமி பனாரின், 2015இல் சிகாகோ, அந்த சீசனே சிறந்த புதுமுகம். பாப்ரோவ்ஸ்கி, 2010இல் ஃபிலடெல்ஃபியா, பிறகு கொலம்பஸில் சிறந்த கோல்கீப்பருக்கான வெசினா விருது இரண்டு முறை. ஜொனதன் மார்ஷசோ, வேகாஸ் கோப்பை வென்ற 2023இல் பிளேஆஃப் (கோப்பைக்கான இறுதிச் சுற்றுகள்) நாயகன். இவர்களில் ஒருவர் பெயரைக்கூட எந்த டிராஃப்டிலும் யாரும் வாசிக்கவில்லை.

பெயர்களை அடுக்கி வாயடைப்பது என் நோக்கமில்லை. "சரக்கு இல்லை" என்கிறீர்களே, எந்த வயதில் இல்லை? டிராஃப்ட் 18 வயதுப் பையனைப் பார்த்து, 23 வயதில் எப்படி இருப்பான் என்று ஊகிக்கிற வேலை. எலும்பு வளர்ந்து முடிந்திருக்காது, வீட்டைவிட்டு வெளியூரில் இருப்பான், அணியில் மூன்றாவது வரிசையில் பத்து நிமிடம்கூடக் கிடைக்காமல் இருப்பான். வட அமெரிக்கப் பையன் என்றால் 20 வயதோடு டிராஃப்ட் தகுதி முடிகிறது, ஐரோப்பியர் என்றால் 21. அதற்குப் பிறகு எந்த அணியும் எடுத்துக்கொள்ளலாம். அப்போது பார்க்கிற ஸ்கவுட் முன்னால் நிற்பது 22 வயது ஆள். உடம்பு எவ்வளவு, வேகம் எவ்வளவு, பெரியவர்களோடு மோதினால் நிற்பானா என்பதெல்லாம் ஊகம் இல்லை, கண் முன்னால் இருக்கிறது. அதே கேள்வியை நான்கு வருடம் தள்ளிக் கேட்டால் வேறு பதில் வருவதில் ஆச்சரியம் என்ன?

28 மார்ச் 2025

இன்னொன்று விட்டுப்போனது. 2004 டிராஃப்டில் ஒன்பது சுற்று, 291 பேர். அடுத்த வருடமே ஏழு சுற்றாகக் குறைத்தார்கள், 230 பேர். ஒரே வருடத்தில் அறுபது பையன்களுக்கு மேல் கதவு சாத்தப்பட்டது. ஆட்டத் தரம் அந்த அளவு விழவில்லை, நாற்காலிதான் குறைந்தது. அணிகள் தாமாகவே கல்லூரிப் பக்கம் கூடுதலாகத் திரும்ப இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

30 மார்ச் 2025

ஞாயிறு. வீட்டில் எல்லாரும் தூங்குகிறார்கள், நான் பிறந்த தேதி பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஜாதகம் பொருத்துவதற்காக இல்லை.

ஜோயல் வார்ட், டிசம்பர் 2, 1980. யானி கூர்ட், டிசம்பர் 15, 1991. கிறிஸ் டானெவ், டிசம்பர் 20, 1989. மார்ஷசோ, டிசம்பர் 27, 1990. கிறிஸின் தம்பி பிராண்டன் டானெவ், டிசம்பர் 31, 1991.

ஐந்து பேரும் டிராஃப்டில் போகாதவர்கள். ஐந்து பேரும் வருடத்தின் கடைசி மாதம்.

கனடாவில் பிள்ளைகளை ஹாக்கிக்குச் சேர்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சிறுவர் அணிகளை ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை பிறந்த வருடத்தை வைத்துப் பிரிக்கிறார்கள். ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே அணிக்கு முயற்சி செய்வார்கள். ஒன்பது வயதில் பதினோரு மாத வித்தியாசம் என்பது உயரத்திலேயே கண்ணுக்குத் தெரியும். பெரியவன் நல்ல அணிக்குப் போவான், நல்ல கோச், கூடுதல் ஐஸ் நேரம், அடுத்த வருடம் இன்னும் மேலே. சின்னவன் இரண்டாந்தர அணியில் ஒதுங்குவான். இங்கே டொராண்டோவின் ஸ்கார்பரோ ஐஸ் ரிங்க்குகளில் செப்டம்பர் தேர்வு நாட்களில் அழுதுகொண்டே ஸ்கேட் கழற்றுகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலும் குட்டையான பிள்ளைகள்தான்.

டானெவ் வீட்டுக் கதையைப் பாருங்கள். கிழக்கு யார்க், நம் வீட்டிலிருந்து கார் எடுத்தால் கொஞ்ச தூரம். கிறிஸ் பதினாறு வயதில் மிகக் குட்டை, பெரிய அணிகள் கழற்றிவிட்டன, பள்ளி அணியில் ஆடினார். பிறகுதான் வளர்ந்தார். மார்க்கம் வாக்ஸர்ஸ் என்ற ஜூனியர் ஏ அணி, அங்கிருந்து ரோச்செஸ்டரில் உள்ள ஆர்ஐடி கல்லூரி. ஒரே ஒரு சீசன். அந்த 2010இல் ஆர்ஐடி யாரும் எதிர்பாராமல் கல்லூரி ஹாக்கியின் கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக வந்தது. மே மாதம் வான்கூவர் கையெழுத்து வாங்கியது. 2011 ஸ்டான்லி கோப்பை இறுதித் தொடரில் ஆடினார். இப்போது சொந்த ஊர் அணியான டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸில் ஆறு வருட ஒப்பந்தம். தம்பி பிராண்டனும் அதே வழி: பிராவிடன்ஸ் கல்லூரி, 2015இல் தேசியச் சாம்பியன், பிறகு வின்னிபெக்.

ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள், இரண்டு பேரும் டிசம்பர், இரண்டு பேரையும் யாரும் டிராஃப்ட் செய்யவில்லை, இரண்டு பேரும் என்ஹெச்எல்.

31 மார்ச் 2025

ராத்திரி யோசித்ததில் மேலே எழுதியதை இன்னும் கொஞ்சம் நுணுக்க வேண்டியிருக்கிறது.

முதலில், டிசம்பர்க்காரர்களை மட்டும் பொறுக்கி எடுத்தால் டிசம்பர்தான் தெரியும். டைலர் போசாக் மார்ச். டோரி க்ரூக் ஏப்ரல். டைலர் ஜான்சன் ஜூலை. இவர்களும் டிராஃப்ட் ஆகாதவர்கள்தான், மூன்று பேரும் நிலைத்தார்கள்.

அடுத்தது இதைவிட முக்கியம். டிராஃப்டின் வெட்டுத்தேதி ஜனவரி 1 இல்லை, செப்டம்பர் 15. அந்தத் தேதிக்குள் 18 நிரம்பியிருக்க வேண்டும். அதனால் டிசம்பர் 1989இல் பிறந்தவன் முதலில் வருவது 2008 டிராஃப்டுக்கு. அதே 1989 ஜனவரியில் பிறந்தவன் 2007க்கே வந்துவிடுவான். அதாவது டிராஃப்டில் டிசம்பர்ப் பையன் தன் கூட்டத்தில் மூத்தவன்! ஒரு சீசன் கூடுதலாகக் கிடைக்கிறது அவனுக்கு. ஆனால் இருபது வயது வரம்பு அந்த வருட டிசம்பர் 31 வைத்துக் கணக்கு. எனவே ஜனவரிப் பையனுக்கு மூன்று டிராஃப்ட், டிசம்பர்ப் பையனுக்கு இரண்டே.

அப்படியானால் அடி எங்கே விழுகிறது? 18 வயதில் இல்லை, அதற்கு முன்னாலேயே. ஒன்டாரியோவின் பெரிய ஜூனியர் லீக்கான ஓஹெச்எல் 15, 16 வயதிலேயே தேர்வு நடத்துகிறது, அதுவும் பிறந்த வருடக் கணக்கில். அங்கே விடுபட்டவன் என்ஹெச்எல் ஸ்கவுட்டுகள் வழக்கமாக உட்காருகிற ரிங்க் பக்கமே வருவதில்லை. கிறிஸ் டானெவை யாரும் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. பார்க்கிற இடத்தில் அவர் இல்லை. ஆகவே கேள்வி கேட்டவருக்கு: "இத்தனை கண்கள் பார்த்தும்" என்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. எல்லாக் கண்களும் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

6 ஏப்ரல் 2025

"சரி, போய்ப் பார்த்தால் எதைப் பார்ப்பீர்கள்? புள்ளிக் கணக்கு இணையத்திலேயே இருக்கிறதே" என்று ஒருவர் கேட்டிருந்தார்.

நான் யாரிடமும் சம்பளம் வாங்குகிற ஸ்கவுட் இல்லை. ஓஷாவா ஆட்டங்கள், டவுன்டவுன் பல்கலைக்கழக ஆட்டங்கள் என்று குளிர்காலம் முழுக்கப் போகிறவன், கையில் நோட்டு வைத்திருப்பவன், அவ்வளவுதான். ஒரு ஆட்டத்தைச் சொல்கிறேன்.

ஜனவரி. மட்டமி அரங்கம், பழைய மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் கட்டடம். கீழே பலசரக்குக் கடை, மேலே ரிங்க். மூலைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்றுகொண்டேன், ஸ்கவுட் வேலைக்கு அதுதான் நல்ல இடம். எதிரணி பக்கை (ரப்பர் வட்டை) உள்ளே அடித்துவிட்டுத் துரத்தி வருகிறது. அதை எடுக்கப் பின்னால் போன டிஃபென்ஸ்மேன் நடுத்தர உயரம், புள்ளிப் பட்டியலில் தேட வேண்டிய ஆள். பக்கைத் தொடுவதற்கு முன் இடது தோளுக்கு மேல் ஒருமுறை, வலது தோளுக்கு மேல் ஒருமுறை பார்த்தான். பிறகு வேகத்தைக் குறைத்தான். துரத்தியவன் "மாட்டினான்" என்று முழு வேகத்தில் பாய்ந்தான். அந்த நொடியில் இவன் ஸ்டிக்கை மட்டும் பலகை ஓரம் நீட்டி, இடுப்பைத் திருப்பி, வந்தவனை வெற்று மூலைக்கு அனுப்பிவிட்டு, நடுவில் வந்த சென்டருக்குத் தட்டையாக ஒரு பாஸ். பக் துள்ளவே இல்லை. சென்டர் ஸ்டிக்கில் ஒட்டியதுபோல் நின்றது. அரங்கில் ஒரு கைதட்டல் இல்லை. புள்ளிக் கணக்கில் அதற்குப் பூஜ்யம்.

ஆட்டம் போகப்போக அவன் சோர்ந்துவிடுவானா என்று பார்த்தேன். மூன்றாவது பீரியடில், அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தபோது, அதே மூலை, அதே இரண்டு பார்வை. இந்த முறை துரத்தியவன் பாயவில்லை, காத்திருந்தான். இவன் உடனே வழியை மாற்றி வலைக்குப் பின்னால் சுற்றிப் போய்விட்டான். அதாவது மனப்பாடமாகச் செய்யவில்லை, எதிரியைப் பார்த்து முடிவெடுக்கிறான். நோட்டில் அந்தப் பக்கம் முழுக்க அந்த ஒருவனைப் பற்றித்தான் எழுதினேன். பெயரை இங்கே போட மாட்டேன், படிக்கிற பையன், நிம்மதியாக இருக்கட்டும்.

8 ஏப்ரல் 2025

புள்ளி முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. வயதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். டைலர் ஜான்சன் ஸ்போகேன் ஜூனியர் அணியில் கடைசி சீசனில் 53 கோல் அடித்தார். அப்போது அவருக்கு 20. லீக்கில் பாதிப் பேர் 17, 18. ஒவ்வொரு ஜூனியர் அணியும் மூன்று இருபது வயதுக்காரர்களைத்தான் வைத்துக்கொள்ள முடியும், அவர்கள் புள்ளிகளைக் குவிப்பது சகஜம். அதனால் 53 என்ற எண்ணைப் பார்த்து மயங்கவும் கூடாது, "வயசுக்காரன்தானே" என்று ஒதுக்கவும் கூடாது. டாம்பா ஒதுக்கவில்லை. 2011இல் எடுத்தது, நேரே மேலே தள்ளாமல் என்ஹெச்எல்லுக்கு அடுத்த படியான ஏஹெச்எல்லில் விட்டது. 2012இல் 28 ஆட்டம் தொடர்ச்சியாக வென்ற நார்ஃபோக் அணியில் அவர் இருந்தார், கோச் ஜான் கூப்பர். 2013இல் ஏஹெச்எல்லின் சிறந்த ஆட்டக்காரர். பிறகு டாம்பாவோடு 2020, 2021 கோப்பைகள். அந்த இரண்டு கோப்பை அணியிலும் கூர்ட் இருக்கிறார், அவரும் டிராஃப்ட் ஆகாதவர். ஐந்தடி எட்டு, ஒன்பது அங்குலக்காரர்களை வைத்து ஒரு அணி கோப்பை வாங்கிய காலம் அது.

19 ஏப்ரல் 2025

கல்லூரி இறுதி ஆட்டம் பார்த்தீர்களா? ஏப்ரல் 12, வெஸ்டர்ன் மிஷிகன் 6, பாஸ்டன் பல்கலை 2. தோற்ற பக்கம் ஆடிய குவின் ஹட்சனை எட்மன்டன் எடுத்துவிட்டது. ஹட்சன் வீட்டு அண்ணன் தம்பிகளைப் பாருங்கள். லேன் 2022இல் மொன்றியாலுக்கு இரண்டாம் சுற்றில் போனார், கோல் 2024இல் வாஷிங்டனுக்கு இரண்டாம் சுற்று. மூத்தவர் குவினை யாரும் எடுக்கவில்லை. ஒரே வீடு, ஒரே சமையல். ஜெயித்த பக்கம் கேப்டன் டிம் வாஷியும் டிராஃப்ட் ஆகாதவர், அவரை அனாஹைம் பிடித்தது.

இங்கே ரசிகர்கள் "லீஃப்ஸ் ஏன் தூங்குகிறது, பணத்தைக் கொட்டி எடுக்க வேண்டியதுதானே" என்கிறார்கள். பணத்தைக் கொட்ட முடியாது, அதுதான் விஷயம். புதுமுக ஒப்பந்தத்துக்கு உச்சவரம்பு உண்டு. பல வருடம் 9 லட்சத்து 25 ஆயிரம் டாலராக இருந்தது, இப்போது சற்றுக் கூடியிருக்கிறது. போனஸில் ஏதோ விளையாடலாம், அடிப்படைச் சம்பளத்தில் எல்லா அணியும் ஏறக்குறைய ஒரே தட்டுதான். ஒப்பந்த நீளமும் வயதே தீர்மானிக்கிறது: 21 வரை மூன்று வருடம், 22, 23 என்றால் இரண்டு, 24 என்றால் ஒன்று.

அப்போது ஒரு அணி எதைக் காட்டி இழுக்கும்? இடம். "எங்கள் இரண்டாவது ஜோடியில் இடது பக்கம் காலி" என்று சொல்ல முடிந்த அணி ஜெயிக்கும். இன்னொன்று, நடப்பு சீசனிலிருந்தே ஒப்பந்தம் தொடங்குவதாக எழுதிக் கொடுப்பது. சீசனில் மிச்சம் நான்கைந்து ஆட்டம்தான் இருக்கும், அதோடு ஒரு வருடம் கழிந்துவிடும், பையன் அடுத்த பெரிய சம்பளத்துக்கு ஒரு வருடம் முன்னாலேயே போய்விடுவான். பெண் பார்க்கப் போன வீட்டில் பெண்தான் மாப்பிள்ளையிடம் கேள்வி கேட்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிராஃப்டில் அணி பையனைத் தேர்வு செய்கிறது, இங்கே பையன் அணியைத் தேர்வு செய்கிறான். 2013இல் டேனி டிகைசரை எத்தனையோ அணிகள் துரத்தின, அவர் சொந்த மாநிலமான மிஷிகனிலேயே டெட்ராய்ட்டைத் தேர்ந்தெடுத்தார்.

அதனால் மார்ச்சில் பாய்கிற அணிக்கு ஆள் கிடைக்காது. அக்டோபரிலேயே அந்தக் கல்லூரி ரிங்க்கில் உட்கார்ந்திருக்க வேண்டும், கோச்சிடம் பேசியிருக்க வேண்டும், அம்மா அப்பாவுக்கு முகம் தெரிந்திருக்க வேண்டும். ஸ்கவுட் வேலையில் பாதி பார்ப்பது, பாதி பழகுவது.

20 ஏப்ரல் 2025

"செலவே இல்லையே, பத்துப் பேரை எடுத்துப் போட்டால் ஒருத்தன் தேற மாட்டானா?" முடியாது. ஒரு அணி மொத்தம் 50 ஒப்பந்தம்தான் வைத்துக்கொள்ளலாம். அதில் என்ஹெச்எல் ஆட்கள், ஏஹெச்எல் ஆட்கள், ஒப்பந்தம் போட்ட டிராஃப்ட் பையன்கள் எல்லாம் அடக்கம். அதனால்தான் பல பேரை முதலில் ஏஹெச்எல் ஒப்பந்தத்தில் மட்டும் சேர்க்கிறார்கள், அது 50 கணக்கில் வராது. கானர் ஷியரி பிட்ஸ்பர்க்கின் ஏஹெச்எல் அணி வழியாக வந்து, 2016 இறுதித் தொடரின் இரண்டாவது ஆட்டத்தில் ஓவர்டைம் கோல் அடித்தார். பாபி மக்மேனும் அப்படித்தான். கோல்கேட் கல்லூரியில் நான்கு வருடம், 2020இல் லீஃப்ஸின் ஏஹெச்எல் அணியான மார்லீஸோடு ஒப்பந்தம், 2024-25 சீசனில் லீஃப்ஸுக்கு 20 கோல்.

4 மே 2025

தோற்றவற்றையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை.

2008. ஸ்வீடனின் ஃபேபியன் ப்ரூன்ஸ்ட்ரம் பின்னால் பாதி லீக் ஓடியது. டல்லாஸ் பிடித்தது. முதல் என்ஹெச்எல் ஆட்டத்திலேயே ஹாட்ரிக். மொத்தம் 104 ஆட்டத்தோடு முடிந்தது. 2009 வசந்தத்தில் கல்லூரி ஹாக்கியின் சிறந்த ஆட்டக்காரர், ஹோபி பேக்கர் விருது வாங்கிய மேட் கில்ராய் நியூயார்க் ரேஞ்சர்ஸுக்குப் போனார். எதிர்பார்த்த உயரம் வரவில்லை. அதே வசந்தத்தில் லீஃப்ஸ் எடுத்த போசாக், முழங்கால் காயத்தால் சீசனில் பாதி ஆடாதவர், 800 ஆட்டங்களுக்கு மேல் ஆடி 2019இல் செயின்ட் லூயிஸோடு கோப்பையும் வாங்கினார்.

இரண்டு பேரையும் அப்போது டிவியில் பார்த்தேன். கில்ராய் கல்லூரி மட்டத்தில் எல்லாரையும் விடத் தேர்ந்தவராகத் தெரிந்தார். அந்த மட்டத்தின் உச்சிக்கு வந்திருந்தார், அப்போதே வயது 24. போசாக் 21 வயதில்தான் டென்வரில் சேர்ந்தவர், ஏறிக்கொண்டே இருந்தார். ஃபேஸ்ஆஃப் (நடுவர் பக்கைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்கும் மோதல்) எடுப்பார், சென்டரில் இரண்டு பக்கமும் வேலை செய்வார், பெரிய நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் நின்றாலும் பயன்படுவார். அதனால்தான் ஒரு பையனை மூன்று மாத இடைவெளியில் இரண்டு தடவையாவது பார்க்கச் சொல்கிறேன். அக்டோபரில் தடுமாறிய விஷயத்தை பிப்ரவரியில் சாதாரணமாகச் செய்கிறானா என்பதைத்தான் நான் முதலில் குறிப்பேன்.

20 மே 2025

பிளேஆஃப் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம். ஃப்ளோரிடா 6, லீஃப்ஸ் 1. மறுபடியும். எழுத மனசில்லை, ஆனால் எதிர் வலையில் நின்றவர் பாப்ரோவ்ஸ்கி என்பதால் இந்த இழைக்கு விஷயம் இருக்கிறது.

கோலிகள், அதாவது கோல்கீப்பர்கள், தனிக் கணக்கு. 18 வயதில் கோலியை எடை போடுவது எவ்வளவு கடினம் என்பதற்கு இந்த ஊரே சாட்சி. 1998 முதல் 2002 வரை நம் கோலி கர்டிஸ் ஜோசஃப், அவருக்குப் பிறகு எட் பெல்ஃபோர். முன்னவர் விஸ்கான்சின் கல்லூரி, பின்னவர் நார்த் டகோட்டா. இரண்டு பேரும் டிராஃப்ட் ஆகாதவர்கள், இரண்டு பேரும் 450 வெற்றிகளைத் தாண்டியவர்கள், பெல்ஃபோர் 2011இல் ஹால் ஆஃப் ஃபேம். பாப்ரோவ்ஸ்கி நோவோகுஸ்னெட்ஸ்கில் பலவீனமான அணிக்கு ஆடினார். அங்கே வெற்றிக் கணக்கைப் பார்த்தால் எதுவும் தெரியாது, மோசமான அணியின் வலையில் மூன்றாவது கோல் விழுந்த பிறகும் கால் அசைவு மாறாமல் நிற்கிறானா என்று பார்க்க வேண்டும். கேம் டால்பட், அலபாமா ஹன்ட்ஸ்வில். லோகன் தாம்ப்சன், செயின்ட் கேத்தரின்ஸில் உள்ள ப்ராக் பல்கலை, பிறகு ஏஹெச்எல்லுக்கும் ஒரு படி கீழே உள்ள ஈசிஹெச்எல், 2020இல் வேகாஸ். ப்ராக் ஆட்டத்துக்கு யார் போகிறார்கள்? நயாகரா போகிற வழியில் எல்லாரும் தாண்டிப் போகிற ஊர்.

29 ஜூன் 2025

டிராஃப்ட் நேற்று முடிந்தது. இன்று காலையிலிருந்தே அணிகள் கேம்ப் அழைப்புகளுக்குப் போன் செய்துகொண்டிருக்கும். ஜூலை டெவலப்மென்ட் கேம்பில் டிராஃப்ட் ஆகாத பையன்களையும் கூப்பிடுவார்கள், அணிக்கு அது ஒரு வார இலவசத் தேர்வு.

தெரிந்த ஒரு தமிழ்க் குடும்பத்துப் பையன் இரண்டாம் வருடமும் பெயர் வராமல் உட்கார்ந்திருக்கிறான். அவன் அப்பா நேற்று ராத்திரி கூப்பிட்டு, "அண்ணே, படிப்பைப் பார்க்கச் சொல்லிடட்டுமா?" என்று கேட்டார். படிக்கத்தான் வேண்டும், ஆனால் ஆட்டத்தை விடவும் வேண்டாம் என்றேன். ஜோயல் வார்ட் கதையைச் சொன்னேன். நம் ஸ்கார்பரோவில் வளர்ந்தவர், பார்படோஸிலிருந்து வந்த பெற்றோர். ஓவன் சவுண்டில் ஜூனியர் முடித்தபோது எந்த அணியும் கையெழுத்து வாங்கவில்லை. பிரின்ஸ் எட்வர்ட் தீவுப் பல்கலையில் நான்கு வருடம் படித்தார், ஆடினார். ஏஹெச்எல் வழியாக மினசோட்டா, பிறகு நாஷ்வில், வாஷிங்டன், சான் ஹோசே. 726 ஆட்டம். 2012 பிளேஆஃபில் பாஸ்டனை ஏழாவது ஆட்ட ஓவர்டைமில் வெளியேற்றிய கோல் அவருடையது. ஜியோர்டானோவும் இந்த ஊர்ப் பிள்ளை, ஓவன் சவுண்ட் வழியாகவே வந்தவர். என்ஹெச்எல்லில் இடம் உறுதியாகாமல் 2007இல் மாஸ்கோ போய் ஒரு சீசன் ஆடிவிட்டுத் திரும்பி, 2013இல் கால்கரி கேப்டன் ஆனார்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப செலவுக்கு வழி பார்க்கணும்" என்றார். எனக்கு அந்தப் பதில் போதும்.

இதைச் சொல்லும்போது ஒரு கசப்பும் நினைவுக்கு வருகிறது. ஒரு ஜூனியர் அணிக்காக ஒரு குளிர்காலம் குறிப்புகள் எழுதிக் கொடுத்தேன். ஒரு டிஃபென்ஸ்மேனைப் பற்றி இரண்டு பக்கம். நிர்வாகி முதல் வரியில் உயரத்தைப் படித்தார், காகிதத்தை மடித்துவிட்டார். அடுத்த பக்கத்தில்தான் அந்தப் பையன் வலைக்கு முன்னால் எப்படிக் கால் வைத்து நிற்கிறான், யாருடைய ஸ்டிக்கை எப்போது தூக்குகிறான் என்று எழுதியிருந்தேன். அன்று முதல் நோட்டில் உயரத்தைக் கடைசி வரியில் எழுதுகிறேன்.

3 ஆகஸ்ட் 2025

இரண்டு நாளாக விதி மாறிவிட்டது, யாரும் இங்கே பேசவில்லை. ஆகஸ்ட் 1 முதல் ஓஹெச்எல், வெஸ்டர்ன், கியூபெக் என்ற மூன்று பெரிய ஜூனியர் லீக்குகளில் ஆடியவர்களும் அமெரிக்கக் கல்லூரி அணிகளில் ஆடலாம். முன்பு அங்கே ஆடியவனுக்குக் கல்லூரிக் கதவு மூடிவிடும். 16 வயதுப் பையனும் பெற்றோரும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. இளம் நட்சத்திரம் கவின் மக்கென்னா பென் ஸ்டேட் கல்லூரிக்குப் போவதைத்தான் எல்லாரும் எழுதுகிறார்கள். எனக்கு முக்கியம் மறுமுனை.

20 வயதில் ஜூனியர் முடித்து, டிராஃப்டும் ஆகாமல் நின்றவனுக்கு இதுவரை ஈசிஹெச்எல், இல்லை கனடியப் பல்கலைக்கழகம். ஜூனியரில் ஆடிய ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு வருடப் படிப்புச் செலவை லீக் கொடுக்கும், அதை வைத்து வார்ட் போன வழியில் போவார்கள். இனி அவர்களில் நல்லவர்கள் எல்லையைத் தாண்டுவார்கள். 21, 22, 23 வயது வரை நல்ல ஜிம், நல்ல கோச், வாரம் இரண்டு ஆட்டம், மீதி நாள் பயிற்சி. தாமதமாக வளர்கிறவனுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு வட அமெரிக்காவில் இருந்ததில்லை. ஒன்டாரியோ பல்கலை ஆட்டங்களின் தரம் இறங்கும், அது எனக்கு வருத்தம்தான். மட்டமி மூலையில் நான் பார்த்த மாதிரிப் பையன்கள் குறைவார்கள்.

அணிகளுக்கும் வேலை மாறும். மார்ச்சில் சந்தைக்கு வருகிற, எந்த அணியிலும் சேரக்கூடிய ஃப்ரீ ஏஜென்ட் கூட்டம் பெரிதாகும், வயதும் கூடும், அதனால் ஒப்பந்தம் குறுகும். 24 வயதுக்காரனுக்கு ஒரே வருடம்தான், அவன் சரியாக வந்தால் உடனே சம்பளம் ஏறும். ஆகவே 21இலேயே ஒருவனை அடையாளம் கண்டு மூன்று வருடம் வாங்குகிற ஸ்கவுட் அணிக்குப் பெரிய சேமிப்பு செய்து கொடுப்பார். கேள்வி கேட்டவர் இன்னும் படிக்கிறாரென்றால் அவருக்கு இது புதுப் பதில்: வீண் வேலை என்று நினைக்கிற அணிகள் இனி பணத்திலும் தோற்கும்.

அக்டோபரில் கல்லூரி சீசன் தொடங்கியதும், ஓஹெச்எல் முடித்து டிராஃப்ட் ஆகாமல் போன 20, 21 வயதுக்காரர்கள் எந்தக் கல்லூரியில், எந்த வரிசையில், பெனால்டி கில்லில் (ஆள் குறைவாக ஆடும் நேரத்தில்) இறங்குகிறார்களா என்று ஒரு பட்டியல் எடுக்கப்போகிறேன். கிறிஸ்துமஸ் இடைவேளைக்கு முன் இங்கே போடுகிறேன். வெஸ்டர்ன், கியூபெக் லீக் பார்க்கிறவர்கள் உங்கள் ஆட்களைச் சேர்த்துவிடுங்கள், எந்த ஆட்டத்தில் என்ன பார்த்தீர்கள் என்ற விவரத்தோடு.